தெரியாத சொல்லைத் தாண்டி

1. ஒற்றை நட்சத்திரம்

டிசம்பர் பிறந்த சமயம். மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஆபீஸ் மாடிப்படி ஏறும்போதே மேலே சங்கர் நிற்பது தெரிந்தது. எங்கள் சூப்பர்வைசர். என்னைவிட ரொம்ப இளையவன், சென்னையில் கால் சென்டரில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். எனக்காக அவன் படிக்கட்டில் காத்து நின்றால் அது நல்ல செய்தியாக இருக்காது.

"யக்கா, என்னக்கா பண்ணி வச்சிருக்கிய? ஸ்டெல்லாவோட அம்மா ஒத்த ஸ்டார் குடுத்திருக்காவ. டீச்சர மாத்துங்கன்னு எழுதியிருக்காவ."

"எதுக்காம்?"

"இல்லாத வார்த்தையெல்லாம் சொல்லிக் குடுக்கியளாம். டிக்‌ஷனரியில தேடிப் பாத்துட்டாவளாம். அப்படி ஒரு இங்கிலீஷ் வார்த்தையே கிடையாதாம்."

எந்த வார்த்தை என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. அது டிக்‌ஷனரியில் இருக்காது. எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்திலிருந்து வந்த வார்த்தை அது.

இந்த வருஷம் எங்கள் ஆபீஸில் புதிதாக டீச்சர் வேலைக்குச் சேர்ந்திருக்கிற பிள்ளைகள் இந்தக் கதையைத் துண்டு துண்டாகக் கேட்டுவிட்டு ஆளுக்கொரு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஆபீஸ் பாளையங்கோட்டையில் ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடி. அட்டைத் தடுப்பு வைத்த சின்னச் சின்ன அறைகள், ஆளுக்கொரு ஹெட்செட், கேமரா. சீனாவில் தேர்வு எழுதுகிற பெரிய பிள்ளைகளுக்கு இங்கிலீஷில் சொல், இலக்கணம், வாசிப்பு மூன்றிலும் பயிற்சி கொடுப்பது வேலை. அவர்கள் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி ஓடும். நமக்கு வெயில் தாழும்போது அவர்களுக்கு விளக்கு வைத்தாகிவிடும். நான் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தேன். கரும்பலகைக்கு முன்னால் நின்று கத்திப் பழகிய தொண்டை எனக்கு. இங்கே முதல் மாதம் முழுக்க "மேடம், மெதுவாகப் பேசுங்கள்" என்று மாணவர்கள் ரேட்டிங்கில் எழுதினார்கள்.

2. கட்டாயப் பாராட்டு

ஸ்டெல்லா என்பது அவள் வகுப்புக்காக வைத்துக்கொண்ட பெயர். எங்கள் தெருவிலேயே மூன்று ஸ்டெல்லா இருக்கிறார்கள், அதில் ஒருத்தி என் நாத்தனார். அதனால் திரையில் அந்தப் பெயரைப் பார்த்ததுமே எனக்கு உறவு மாதிரி ஆகிவிட்டது.

அவள் பட்டப்படிப்பு முடித்தவள். மேல்படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதப்போகிறாள். ஆற்று வெள்ளத்தைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று ஆசை. எங்கள் ஆபீஸில் இந்தப் பிள்ளைகளை பி.ஜி. பேட்ச் என்போம். அந்தத் தேர்வில் ஒரு விதி உண்டு. மற்ற பாடங்களில் எவ்வளவு வாங்கினாலும் சரி, இங்கிலீஷில் குறிப்பிட்ட மார்க் வராவிட்டால் எல்லாம் போச்சு. போன வருஷம் ஸ்டெல்லாவுக்கு அப்படித்தான் போனது. இந்த வருஷம் இரண்டாவது தடவை. இதிலும் தவறினால் மூன்றாவது தடவை கிடையாது, அம்மாவின் நூடுல்ஸ் கடைதான் என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

நமக்கு ஒரு ஸ்கிரிப்ட் கொடுத்திருக்கிறார்கள் இல்லையா, பிள்ளை என்ன பதில் சொன்னாலும் "ஒண்டர்ஃபுல், எக்ஸலெண்ட்" என்று சொல்ல வேண்டும் என்று? எனக்கு அது வாயில் வராது. நம் ஊரில் ஒருவர் விருந்துச் சாப்பாட்டைப் பற்றி "குறை சொல்லுததுக்கில்ல" என்று சொன்னால் அதற்கு மேல் பாராட்டே கிடையாது. அந்த மண்ணில் வளர்ந்துவிட்டு ஒரு முற்றுப்புள்ளி வைத்ததற்கு ஒண்டர்ஃபுல் என்றால் எனக்கே சிரிப்பு வரும். முதல் வகுப்பில் நான் தயங்கித் தயங்கி அதைச் சொன்னபோது ஸ்டெல்லா கையை உயர்த்தினாள். அவள் இங்கிலீஷில் பேசியதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"போன வருஷ டீச்சர் தினமும் ஒண்டர்ஃபுல் சொன்னாங்க. நான் ஃபெயில் ஆனேன். நீங்க சொல்லாதீங்க."

எனக்கு அவளை அப்போதே பிடித்துப்போயிற்று.

3. இன்னார்

அவளுக்குச் சொல் தெரியாமல் இல்லை. அந்தத் தேர்வுக்கென்று அவர்களிடம் தடியாக ஒரு சொல் பட்டியல் இருக்கிறது. அதில் முதல் சொல்லுக்கே "கைவிடு" என்று பொருள். பாதிப் பேர் முதல் சொல்லோடு கைவிட்டுவிடுவோம் என்று அவர்களே கேலி பேசிக்கொள்வார்கள். ஸ்டெல்லா கைவிடவில்லை. எங்கே தொட்டுக் கேட்டாலும் பொருள் சொல்வாள்.

ஆனால் ஒரு பாராவை வாசிக்கச் சொன்னால் வேறு ஆள். பட்டியலில் இல்லாத ஒரு சொல் வந்துவிட்டால் அங்கேயே நின்றுவிடுவாள். உதட்டைக் கடிப்பாள், பேனாவால் அதைச் சுற்றிச் சுற்றிக் கட்டம் போடுவாள். இவ்வளவு படித்தும் இது எனக்குத் தெரியவில்லையே என்ற அவமானம் முகத்தில் அப்படியே தெரியும். மீதி பாரா அவளுக்குக் கண்ணில் படாது. தேர்வில் போன வருஷம் கடைசிப் பத்தியை அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை. நேரம் முடிந்துவிட்டது.

நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். சந்தர்ப்பத்தை வைத்துப் பொருளை ஊகி என்று ஸ்லைடு போட்டேன். தலையை ஆட்டுவாள், அடுத்த பாராவில் மறுபடியும் நிற்பாள். எனக்குக் கோபம்கூட வந்தது. கார்த்திகை மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள், வீட்டுக்குப் போயும் அந்தக் கோபம் தீரவில்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் வழக்கம்போல் ஜெபம். எங்கள் வீட்டில் பைபிளை ஆளுக்கொரு வசனமாக முறை வைத்து வாசிப்போம். அன்றைக்கு வந்தது வாயில் நுழையாத பெயர்களாக வரிசை கட்டி நிற்கும் பகுதி. என் முறையில் ஒரு பெயரில் நான் தடுக்கி நின்றேன். என் வீட்டுக்காரர் செல்வின் டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறவர், பொறுமை கொஞ்சம் கம்மி.

"பேரு வாயில நுழையலன்னா இன்னார்னு சொல்லிட்டு மேல போ, மெர்சி. ஆண்டவருக்கு ஆளு யாருன்னு தெரியும். இங்கன சோறு ஆறுது."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்கிற பேச்சுதான். இவர்கள் குடும்பத்தில் எல்லோருமே அப்படித்தான் வாசிப்பார்கள். இன்னாரின் மகன் இன்னார் என்று போய்க்கொண்டே இருப்பார்கள். யாரும் நிற்பதில்லை. ஆனாலும் யார் யாரோடு சண்டை போட்டார்கள், யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியும். அன்றுதான் எனக்கு அது உறைத்தது.

மறுநாள் ஸ்லைடை மூடி வைத்தேன். "ஒரு வரி நீ, ஒரு வரி நான். தெரியாத சொல் வந்தால் இன்னார் என்று எங்கள் தமிழ்ச் சொல்லையே சொல். நின்றால் உன் வரியை நான் பிடுங்கிக்கொள்வேன்" என்றேன். "முடிந்த பிறகு திரும்பி வந்து எந்த இன்னார் நமக்குத் தேவை என்று பார்ப்போம்."

முதலில் அவளுக்கு அது பொய் சொல்வது மாதிரி இருந்தது. குரலைத் தாழ்த்தித் திருட்டுத்தனமாகச் சொன்னாள். இரண்டு முறை அவள் வரியை நான் பிடுங்கியதும் ரோஷம் வந்துவிட்டது. பத்தி முடிந்து கேள்விகளைப் பார்த்தோம். அவள் தாண்டி வந்த சொற்களில் ஒன்றே ஒன்றுதான் பதிலுக்கு வேண்டியிருந்தது. மற்றதெல்லாம் சும்மா வழியில் நின்றவை. அடுத்த பத்தியை அவளே திறந்தாள்.

சில நாள் கழித்து உங்கள் ஊர் ஆற்றின் பெயர் என்ன என்று கேட்டாள். சொன்னேன். தாமிரபரணி அவள் வாயில் இரண்டு எழுத்துக்கு மேல் போகவில்லை. நிற்காமல், "இன்னார் நதியில் இப்போது வெள்ளமா?" என்றாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தச் சொல்லையும் சிரிப்பையும்தான் அடுத்த அறையிலிருந்து அவள் அம்மா கேட்டிருக்க வேண்டும்.

4. மாவு பிசையும் மெஷின்

"மாத்தச் சொன்னா மாத்தித்தான் ஆகணும். ஆனா கடைசியா ஒரு கிளாஸ் எடுக்கலாம்" என்றான் சங்கர். "அந்தம்மாவ உக்கார வச்சுப் பேசிப் பாருங்க. பைய பேசுங்க யக்கா, பள்ளிக்கூடத்துல பேசுத மாதிரி பேசிராதிய."

டீச்சர் மாறினால் புது டீச்சர் மறுபடி முதல் ஸ்லைடிலிருந்து ஆரம்பிப்பார். தேர்வு கிறிஸ்துமஸுக்குச் சற்று முந்தி. அதற்குள் அந்தப் பெண் பழையபடி நிற்க ஆரம்பித்துவிடுவாள். எனக்கு அதுதான் பயம். இன்னொரு பயமும் இருந்தது, அதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. ஒருவேளை அந்த அம்மா சொல்வதே சரியாக இருந்தால்? நம் வீட்டுப் பழக்கத்தை வைத்து ஒரு பிள்ளையின் இரண்டாவது வாய்ப்போடு விளையாடுகிறேனோ?

சாயங்காலம் திரை திறந்தபோது ஸ்டெல்லாவுக்குப் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தார். கை இரண்டையும் கட்டிக்கொண்டு, முன்கட்டுத் துணியில் மாவு ஒட்டியபடி. கடைக்குப் பின்னால் இருக்கும் அறை அது. நான் பேசப் பேச ஸ்டெல்லா சீனத்தில் சொன்னாள். அந்த முகம் இளகவே இல்லை. கடைசியில் அவர் ஒரே ஒரு வாக்கியம் பேசினார். ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டு அதை இங்கிலீஷில் சொன்னாள்.

"தெரியாததை விட்டுட்டுப் போன்னு சொல்ல ஒரு டீச்சர் எதுக்குன்னு கேக்கிறாங்க."

நியாயமான கேள்வி. பின்னால் சுவரோரம் பளபளவென்று ஒரு மெஷின் நின்றது. மாவு பிசைவதற்குப் புதிதாக வாங்கியது என்று ஸ்டெல்லா முந்தின வாரம் சொல்லியிருந்தாள்.

"அந்த மெஷினோடு வந்த விளக்கத் தாளை அம்மா வாசித்தாரா?" என்று கேட்டேன்.

வாசித்துத்தான் ஓட்டினாராம். அதை இப்போது உரக்க வாசிக்க முடியுமா என்றேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு எழுந்து போய்த் தாளை எடுத்து வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். எனக்குச் சீனத்தில் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனால் ஓட்டத்தின் நடுவே ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்தது. ஷம்ம ஷம்ம, ஷம்ம ஷம்ம. ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அது என்ன?"

"என்னவோ என்னவோன்னு அர்த்தம். அம்மா கொஞ்சம்தான் படிச்சவங்க. தெரியாத எழுத்து வந்தா அப்படிச் சொல்லிட்டுப் போவாங்க."

"மெஷின் ஓடுகிறதா என்று கேள்."

கேட்டாள். ஓடாமல் என்ன, காலையில் மாவு அதில்தான் பிசைந்தேன் என்று அம்மா விறைப்பாகச் சொன்னார். ஸ்டெல்லா அவரிடம் நீளமாக ஏதோ பேசினாள். அதில் இன்னார் என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. அம்மா தாளைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டு, மேஜையில் கிடந்த மாவு தேய்க்கும் கட்டையை எடுத்துக்கொண்டு, ஆரம்பியுங்கள் என்று தாடையை அசைத்தார்.

அன்றிலிருந்து தேர்வு வரைக்கும் எங்கள் வகுப்பில் மூன்று பேர். ஸ்டெல்லா ஒரு சொல்லில் நின்றால் கட்டையால் மேஜையில் ஒரு தட்டு விழும். நான் நின்றாலும் விழும்.

5. அச்சு முறுக்கு

தேர்வு ஒரு சனிக்கிழமை. அவளுக்கு இங்கிலீஷ் மத்தியானம், நமக்குச் சாப்பாட்டு நேரம். கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அச்சை மாவில் முக்குவதும் போனைப் பார்ப்பதுமாக இருந்தேன். முதல் ஈடு முறுக்கு கருகிப்போயிற்று.

"போனு எங்கயும் போவாது. எண்ணெயப் பாரு" என்றார் செல்வின். சொல்லிவிட்டு அவரே போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார்.

கடைசியில் செய்தி வந்தது. அவரே வாசித்துச் சொன்னார். "இன்னார் நெறைய இருந்தாங்களாம். ஆனா கடைசி வரி வரைக்கும் போயிட்டாளாம்." எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முடிவு என்ன ஆனாலும் இந்த முறை அவள் எல்லாப் பத்தியையும் பார்த்துவிட்டாள்.

இரண்டு மாதம் போல் ஆனபின் மார்க் வந்தது. இங்கிலீஷில் வேண்டிய மார்க்குக்குக் கொஞ்சம் மேலே, அதிகமில்லை. தாண்டியது தாண்டியதுதான்.

புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, நீங்கள் மாணவருக்கு எது தெரியவில்லை என்று குறித்துக்கொண்டே இருக்கிறீர்கள். அது தேவைதான். ஆனால் தெரியாதது எதிரே வரும்போது அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். எனக்கு இந்தத் தொழிலில் அது ரொம்பப் பிந்தித்தான் விளங்கியது.

மார்க் வந்த மறுநாள் சங்கர் கூப்பிட்டான். "யக்கா, இங்கன வாங்க. அந்தம்மா ரேட்டிங்க மாத்திட்டாவ. வாய்ஸ் வேற போட்டிருக்காவ, கேளுங்க." ஹெட்செட்டை என் காதில் மாட்டினான்.

ஸ்டெல்லா இங்கிலீஷ் வார்த்தைகளைச் சீன எழுத்தில் எழுதிக் கொடுத்ததை அவள் அம்மா வாசித்திருக்கிறார். என் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. "இன்னார் டீச்சர்" என்று ஆரம்பித்தார். "தேங்க் யூ. மை டாட்டர், ஷம்ம ஷம்ம, யுனிவர்சிட்டி, ஷம்ம ஷம்ம, வெரி ஹேப்பி." ஓர் இடத்திலும் நிற்காமல் கடைசி வரைக்கும் வாசித்துவிட்டார்.