குறுக்குச் சால்

சோடா பாட்டிலைத் திறந்ததும் அடியிலிருந்து நுரை குபுகுபுவென்று ஏறுமே, அது என் கெண்டைக்காலுக்குள் தினமும் பாயில் படுத்த பிறகு நடக்கும். பகலில் ஒன்றும் இருக்காது. பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவேன், பாண்டி ஆடுவேன், மதகு மேலிருந்து வாய்க்காலில் குதிப்பேன். கால் அது பாட்டுக்குக் காலாக இருக்கும். படுத்துக் கண்ணை மூடியதும்தான் நுரை கிளம்பும். உதறினால் அடங்கும். உதறலை நிறுத்தினால் மறுபடி கிளம்பும்.

அப்போது எனக்குப் பத்து வயது. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்துக் கிராமம். கூடத்தில் வரிசையாகப் பாய் விரிப்போம்: அப்பா, அம்மா, நான், அக்கா. வாசலை ஒட்டிச் சித்தப்பா. அவருக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. அப்பாவோடு சேர்ந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராத்திரி எழுந்து வயலில் மோட்டாரைப் பார்த்துவிட்டு வர வாசல் பக்கம்தான் வசதி என்பார். தினமும் போவார். எங்கள் மோட்டாரைப் போல அக்கறையாகப் பார்த்துக்கொள்ளப்பட்ட மோட்டார் அந்த வட்டாரத்திலேயே இருந்திருக்காது.

"வலிக்குதாடி?" என்று அம்மா கேட்பாள்.

"இல்ல."

"அரிக்குதா?"

"இல்ல."

"பின்ன என்னதான்டி பண்ணுது?"

"எந்திரிச்சு நடக்கணும்போல இருக்கு."

இந்தப் பதிலுக்கு எங்கள் வீட்டில் வைத்தியம் இல்லை. அதற்காகச் சும்மா விட்டுவிடுவார்களா? கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய் தேய்த்தார்கள். வெந்நீர் ஊற்றினார்கள். வளர்கிற கால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு அப்பா திரும்பிப் படுத்துக்கொண்டார். ஒருநாள் அம்மா பழைய புடவை ஒன்றால் இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிப் பார்த்தாள். நான் அழுத அழுகையில் ஐந்தே நிமிஷத்தில் அவிழ்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அவளும் அழுதாள்.

அந்த வருஷம் அக்கா பிளஸ் டூ. என் உதைகள் அத்தனையும் அவளுக்குத்தான் போய்ச் சேர்ந்தன. பரீட்சைக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது ஒரு காலையில், கண்ணெல்லாம் சிவந்து, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றாள்.

"ஒண்ணு இவ இங்க படுக்கட்டும், இல்ல நான் படுக்கறேன். கால்லயே மோட்டார் வச்சிருக்கா. நான் பரீட்சை ஹால்ல தூங்கி விழுந்தா நீங்க வந்து எழுதுவீங்களாம்மா?"

அம்மா எழுத முடியாது என்பதால் என் பாய் சுருட்டப்பட்டது. நெல் மூட்டைகள் அடுக்கியிருந்த உள்ளறையில் ஒரு இரும்புக் கட்டிலைப் போட்டு, இனி அதுதான் என் இடம் என்றார்கள். நான் உதறினால் கட்டில் கிறீச்சிடும். மூட்டைகளுக்குப் பின்னால் என்னென்னவோ ஓடும். மூன்றாம் நாள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். அவளும் கல்நெஞ்சுக்காரி இல்லை.

"ஏழு நாள். ஏழு ராத்திரி தொடர்ந்து கட்டில் சத்தம் எனக்குக் கேக்கக் கூடாது. கேக்கலைன்னா வந்து பக்கத்துல படுத்துக்க. ஒருநாள் கேட்டாலும் மொதல்லேருந்து."

ஏழு நாள்! எனக்கு ஏழு நிமிஷமே பெரிய விஷயம்.

அன்று சாயங்காலம் சித்தப்பா என்னை மாட்டுக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். மாட்டை விற்றபிறகு அது காலியாகக் கிடந்தது. சிமெண்டுத் தரையைக் கூட்டி, இரண்டு மூட்டை நெல்லைக் கொட்டிப் பரப்பி வைத்திருந்தார்.

"இது விதைநெல்லு. பகல் வெயில்ல காஞ்சா மட்டும் பத்தாது. ராத்திரி சூடு எறங்கையில ஒருக்கா காலால சால் விட்டுக் குடுக்கணும். அப்பதான் முளைப்பு நல்லா வரும்."

"நான் பண்ணட்டுமா சித்தப்பா?"

"அதுக்கு ஓயாத காலு வேணும்மா. நம்ம வீட்டுல யாருக்கு இருக்கு, சொல்லு?"

நெல் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் சிரித்துவிடுவார்கள். காயப்போட்ட நெல்லைக் காலால் அளைந்து, ஏர் ஓட்டியதுபோலச் சால் சாலாகப் புரட்டிவிடுவது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் அது உச்சி வெயில் வேலை. பொழுது சாய்ந்தால் நெல்லைக் குவித்து மூடிவிட வேண்டியதுதான். இருட்டிய பிறகு, கூரைக்கடியில் நெல்லைப் புரட்டுகிற விவசாயி டெல்டாவில் எங்கேயும் கிடையாது. பத்து வயதில் இதையெல்லாம் யார் யோசித்தார்கள்? எங்கள் வீட்டின் அடுத்த வருஷ விளைச்சலே என் காலை நம்பித்தான் இருக்கிறது என்றிருந்தது எனக்கு.

சாப்பிட்டதும் போய்விடுவேன். பாதத்தைத் தூக்காமல் இழுத்து இழுத்து நடக்கவேண்டும். விரலிடுக்கில் நெல் சொரசொரவென்று ஏறி இறங்கும். கிழக்கு மேற்காக நேர்நேராகச் சால் விட்டுக்கொண்டு போய், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. அரைமணி நேரம் கழித்துக் கட்டிலில் விழுந்தால் கெண்டைக்காலில் நுரை இருக்கும்தான். ஆனால் அது மேலே ஏறி வருவதற்குள் நான் தூங்கியிருப்பேன். முதல் ராத்திரி கட்டில் சத்தம் இல்லை. இரண்டாம் ராத்திரியும் இல்லை. அக்கா காலண்டரில் பென்சிலால் புள்ளி வைத்தாள்.

இடையில் ஒருநாள் அம்மா என் விதைநெல்லிலிருந்து இரண்டு கை அள்ளிக் கோழிக்கு வீசுவதைப் பார்த்துக் கத்திவிட்டேன். "தேறாததத்தான்டி போடறேன்" என்றாள். தேறியது எது, தேறாதது எது என்று அவள் பிரித்தே பார்க்கவில்லை. விதைநெல் விஷயத்தில் அம்மாவுக்குப் போதிய அறிவு இல்லை என்று சித்தப்பாவிடம் வருத்தத்தோடு சொன்னேன்.

வேறொரு தொல்லையும் இருந்தது. காலையில் போய்ப் பார்த்தால், நான் நேராக விட்ட சால்களின் மேல் தெற்கு வடக்காக வேறு சால்கள் ஓடியிருக்கும். அகல அகலமான குறுக்குச் சால்கள்.

"யார் சித்தப்பா இது?"

"எலியா இருக்கும்."

"எலிக்கு இவ்ளோ அகலமா காலு?"

"அப்ப பெருச்சாளி."

விட முடியுமா? கொட்டகைக் கூரையில் எலிக்கிட்டிகள் கட்டித் தொங்கின. மூங்கிலை வில்லாக வளைத்து நாண் கட்டி, எலி வாய் வைத்ததும் தெறிக்கிற மாதிரி வயலில் வைப்பார்களே, அவை. ஐந்தாம் நாள் ஒன்றை அவிழ்த்து, இரண்டு முழங்காலையும் கொடுத்து வளைத்து, குறுக்குச் சால் ஆரம்பிக்கிற மூலையில் வைத்து, மேலே வைக்கோலைத் தூவிவிட்டு வந்து படுத்தேன்.

விடிந்து போய்ப் பார்த்தால் கிட்டி தெறித்துக் குப்புறக் கிடந்தது. ஓடினேன். சித்தப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். வலது கால் கட்டைவிரலில் மஞ்சள் பற்றுப் போட்டுத் துணி சுற்றியிருந்தது.

"சித்தப்பா, பெருச்சாளி மாட்டித் தப்பிச்சிருக்கு!"

"ஆமாம்மா. பெரிய பெருச்சாளியாத்தான் இருக்கும்."

"உங்க காலுக்கு என்ன?"

"மோட்டார் கொட்டகைப் படியில இடிச்சுக்கிட்டேன்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள். அவள் முதுகு குலுங்கியது. கொழுந்தனுக்கு ஒரு அடி பட்டால் இவளுக்கு எப்படித் தாங்கவில்லை பாருங்கள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

ஏழு புள்ளியும் விழுந்தது. என் பாய் அக்காவுக்குப் பக்கத்தில் திரும்பி வந்தது. அவள் பரீட்சை எழுதித் தேறினாள். என் கால் மட்டும் தேறவில்லை. இன்றைக்கும் சென்னையிலிருந்து ஊருக்கு வரும் ராத்திரி பஸ்ஸில் பாதித் தூரம் நின்றுகொண்டு வருகிற ஆள் நான்தான். போன வருஷம் ஒரு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, இரும்புச்சத்து குறைவு என்று மாத்திரை கொடுத்தார். இந்தக் காலுக்கு மருத்துவத்தில் பெயர் இருக்கிறது என்றும் சொன்னார். அந்த மாத்திரையால் பாதி ராத்திரிகள் இப்போது என்னுடையவை. கண்டுபிடித்ததை வைத்துக்கொண்டு சும்மா இருப்பேனா? உடனே சித்தப்பாவுக்குப் போன் போட்டு, பெயர், மாத்திரை எல்லாம் சொன்னேன்.

"சித்தப்பா, இது குடும்பத்துல பல பேருக்கு வருமாம்."



"மாத்திரையிலயா அடங்குது?" என்று மெல்லக் கேட்டார். "பேரு என்ன சொன்ன? எழுதி அனுப்பு. நானும் போயி ரத்தம் குடுத்துட்டு வரேன்." பிறகு சிரித்தார். "அப்பவே தெரிஞ்சிருந்தா ஒரு நகம் தப்பிச்சிருக்கும். கட்டைவெரல்ல இன்னும் கோணலாத்தான் வளருது."

போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கிற மாசி மாதத்தில் எந்த வயலுக்கு மோட்டார் ஓடும்? இத்தனை வருஷத்தில் ஒருதரம்கூட நான் கேட்டதில்லை.

கிட்டி தெறித்த அந்த ஆறாம் நாள் சாயங்காலம் சித்தப்பாவால் எழுந்து நடக்க முடியவில்லை. வாசலோரம் பாயில் படுத்திருந்தார். அடிபட்ட வலது கால் தலையணை மேல் இருந்தது. அடிபடாத இடது கால் நிற்கவே இல்லை.

"பாய் அதிருது சித்தப்பா. உங்களுக்கும் தொத்திக்கிச்சா?" என்றாள் புத்தகத்திலிருந்து தலைநிமிராத அக்கா.

"வலிம்மா, வலி."

நான் கொட்டகைக்குக் கிளம்பியபோது கையைக் காட்டிக் கூப்பிட்டார். குனிந்தேன்.

"நேரா மட்டும் விட்டுட்டு வந்துராத. இன்னைக்குக் குறுக்காலயும் ஒருக்கா நடந்துட்டு வா."

"குறுக்கால பெருச்சாளிதானே விடும்?"

"அதுக்குத்தான் அடிபட்டுருச்சே. பாவம், இன்னைக்கு எப்படி வரும்?"

நியாயமாகத்தான் பட்டது. என் சால்களை முடித்துவிட்டு, தெற்கு மூலைக்குப் போய் நின்று, எங்கேயோ வளைக்குள் கால் நொந்து தூங்காமல் கிடக்கும் அந்தப் பெருச்சாளிக்காக, பாதத்தை நன்றாக அகட்டி வைத்து, குறுக்காகவும் நடந்தேன்.