‘டப்’ சத்தமும் பக்கத்து வீட்டு மோட்டரும்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நோன்பு மாதம். அப்போது கல்முனையில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். முறைப்படி அனுமதிப்பத்திரம் எடுத்து, தூரத்தில் இருப்பவர்களோடு கதைக்கக்கூடிய வானொலிப் பெட்டி ஒன்றை நானே கட்டியிருந்தேன். பாதிப் பாகங்கள் பழைய ரேடியோக்களிலிருந்து கழற்றியவை.

பெட்டி வேலை செய்தது. ஆனால் மறுமுனையில் இருப்பவர் கதைக்கும்போது ஸ்பீக்கரில் ‘டப், டப்’ என்று வெடிக்கும். அவர் தன் பெயரைச் சொல்லும் இடத்தில் அது விழுந்தால், பெயர் போய்விடும்.

பக்கத்து வீட்டில் ஒரு பெண் உடுப்புத் தைத்துக் கொடுத்துப் பிழைத்தார். என்னைவிட மூத்தவர், ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய தையல் மெசினில் கரண்டில் ஓடும் மோட்டர் பூட்டியிருந்தது. மோட்டர் ஓடினால் ரேடியோவில் இரைச்சல் வரும் என்று படித்திருக்கிறேன். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. வேலியடியில் நின்று, நான் பெட்டியில் உட்காரும் நேரமான பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு நோன்பு திறக்கும் வரை மோட்டரை ஓட்ட வேண்டாம் என்று கேட்டேன்.

“ஓம் சேர்” என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

சத்தம் நிற்கவில்லை. ஒரு கிழமை பொறுத்தேன். பேச்சுக்குச் சரியென்றுவிட்டு மறைவாக ஓட்டுகிறார் என்று முடிவு கட்டினேன். எட்டாம் நாள் அவர் வாசலில் போய் நின்றேன்.

“ஓம் எண்டு சொல்லிட்டு மோட்டர ஓட்டினா எப்பிடி ராத்தா?”

அவர் தைத்துக்கொண்டுதான் இருந்தார், காலால் மிதித்து. வலது கணுக்கால் நன்றாக வீங்கியிருந்தது. மோட்டர் அலுமாரிக்கு மேல், வயர் சுற்றியபடி கிடந்தது.

“மோட்டர் பூட்டியிருந்தா காலால மிதிக்கேலா. நாளுக்கு ரெண்டு தரம் பூட்டிக் கழட்டேலா சேர். நீங்க சொன்ன அண்டே கழட்டி வெச்சிட்டன். பெருநாள் உடுப்பு நிறையக் கெடக்கு, காலாலதான் தைக்கன்.”

கோபமாகச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து பெட்டியிலிருந்து ஏரியலைக் கழற்றினேன். ‘டப்’. வீட்டுக் கரண்டையும் துண்டித்து, கார் பற்றரி ஒன்றில் ஓட்டினேன். ‘டப்’. வெளியிலிருந்து எதுவும் உள்ளே வர இனி வழியில்லை. பிழை பெட்டிக்குள்தான் இருந்தது. முதல் நாளே ஐந்து நிமிடத்தில் பார்த்திருக்கலாம். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துத்தான் காரணம் சொல்ல வேண்டும் என்று வகுப்பில் படிப்பிக்கிறவன் நான்.

அடுத்த நாள் பிற்பகல் முழுவதும் தேடினேன். ஒலியைப் பெருக்கும் பகுதியில், பழைய ரேடியோவிலிருந்து எடுத்த கொண்டென்சர் என்ற சிறு பாகம் பழுதாகியிருந்தது. அதை மாற்றியதும் சத்தம் நின்றது. சந்தோஷம் வரவில்லை.

நோன்பு திறக்க முன்னமே போய்ச் சொன்னேன். “பிழை என்ட பெட்டியிலதான் ராத்தா. உங்கட மோட்டரால ஒண்டுமில்ல. மன்னிச்சுக்கங்க.”

மிதிப்பதை நிறுத்திவிட்டு, அலுமாரிக்கு மேலிருந்த மோட்டரை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“அப்ப அதப் பூட்டித் தாங்க சேர். பெருநாளைக்கு அஞ்சு நாள்தான் கெடக்கு.”

நிலத்தில் உட்கார்ந்து பூட்டிக் கொடுத்தேன். பெருநாளன்று அவர் நொண்டித்தான் நடந்தார். பிறகு இதைப் பற்றி என்னிடமோ என் மனைவியிடமோ ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

அவர் ஏன் மறுக்கவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். படிப்பிக்கிற சேர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பியிருக்கிறார். நான் சோதித்துப் பாராமல் சொன்ன ஒரு சொல்லுக்காக இன்னொருவர் நோன்போடு ஒன்பது நாள் மிதித்தார் என்பது, யாருக்காவது எதையாவது உறுதியாகச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் இன்றும் என்னை ஒரு கணம் நிறுத்துகிறது.