கீழ்வீட்டு டெலிபோன்

யாராவது மேடையேறி, டெலிபோன் வந்தது, தூரம் குறைந்தது, நாடு முன்னேறியது என்று பேச ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாருக்கய்யா குறைந்தது தூரம் என்று எழுந்து நின்று கேட்கத் தோன்றும். எங்கள் வீட்டுக்கும் டெலிபோனுக்கும் நடுவில் ஒரு மாடிப்படிதான் இருந்தது. அந்தப் படியேறி வராமல் போன ஒரு சேதியால் என் அக்காவின் வாழ்க்கை வேறு பக்கம் திரும்பிவிட்டது.

எண்பதுகளின் கடைசி அது. ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் எங்களுக்கு மாடி வீடு. அப்பா ஃபிட்டர். நேர் கீழ்வீட்டில் அப்பாவுடைய சூப்பர்வைசரின் குடும்பம். எங்கள் பிளாக்கிலேயே போன் இருந்த வீடு அது ஒன்றுதான். நாங்கள் மற்றவர்கள் போனுக்கு எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் போனுக்கு இருந்த மரியாதை அந்த வீட்டில் மனுஷருக்குக் கிடையாது. முக்காலி மேல் உட்கார்ந்திருக்கும். மேலே பின்னல் துணி மூடியிருக்கும். யாரும் சுழற்றிவிடக் கூடாதென்று டயலில் குட்டிப் பூட்டு ஒன்று. பேசுகிற இடத்தில் மல்லிகை வாசனை அடிக்கும் ஒரு வில்லையை ஒட்டியிருப்பார்கள். எங்களில் யாராவது பேசிவிட்டு வைத்ததும், அந்த வீட்டு அம்மா ஒரு துணியை எடுத்து, நாங்கள் வாசலைத் தாண்டும் முன்பே அதை அழுத்தித் துடைப்பார். பார்த்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு வருவோம். வேறு என்ன செய்ய?

ஏனென்றால் பிளாக் முழுவதற்கும் அதுதான் நம்பர். எந்த மனு எழுதினாலும் அந்த எண்ணைப் போட்டு, பக்கத்தில் பி.பி. என்று எழுதுவோம். பக்கத்து வீட்டுப் போன், கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்று அர்த்தம். இதற்கு யாரும் கட்டணம் கேட்டதில்லை. அதற்குப் பதிலாக அவர்கள் வீட்டு மண்ணெண்ணெய் வரிசையில் நான் நிற்பேன். கேஸ் சிலிண்டரை அப்பா தூக்கி வைப்பார். கிறிஸ்துமஸுக்கு அம்மா சுடும் அச்சுமுறுக்கில் முதல் தட்டு கீழேதான் போகும். அம்மா பெருமையாகவே கொடுப்பாள்.

அக்கா அந்த வருஷம் பெண்கள் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்திருந்தாள். முடித்த கையோடு ஊரிலிருந்து ஒரு வரன் வந்து நின்றது. படித்ததை வைத்து ஒரு நாளாவது சம்பாதிக்காமல் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று அவள் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாள். கடைசியில் அப்பா இறங்கி வந்தார்.

"பொங்கலுக்குள்ள ஒரு வேலைய வாங்கிக் காட்டு. அப்புறம் நான் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டேன். கிடைக்கலன்னா வாயத் தெறக்காம ஒத்துக்கணும்."

அக்கா சரி என்றாள்.

மண்ணூர்பேட்டைப் பக்கம் இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் புதிதாக ஒரு கம்பெனி ஆரம்பித்திருந்தார்கள். என்ன செய்கிற கம்பெனி தெரியுமா? டெலிபோன். பட்டன் வைத்த புதுமாதிரி டெலிபோன். அதற்குள் இருக்கும் சின்னச் சின்னப் பாகங்களைப் பற்றவைக்கப் பெண்கள் வேண்டும் என்றார்கள். நேர்முகத் தேர்வுக்கு அக்கா போய்விட்டு, முகமெல்லாம் பல்லாக வந்தாள். அவள் பற்றவைத்துக் காட்டியதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மேனேஜரே தலையாட்டினாராம். அதோடு ஒரு பிரசங்கமும் வைத்தாராம். "எங்க கம்பெனியில லெட்டர் போடுற பழக்கமே கிடையாதும்மா. செலக்ட் ஆனா போன் வரும். மறுநாளே வேலைக்கு வந்துடணும். உலகம் எவ்வளவு வேகமாப் போகுது பாத்தீங்களா."

அக்கா பி.பி. போட்டு நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அன்றைக்கே ஒரு தட்டு அச்சுமுறுக்கோடு கீழே இறங்கிப் போய், "ஆன்ட்டி, எனக்கு ஒரு போன் வரும், வேலை விஷயம்" என்று சொன்னாள். "அதுக்கென்னம்மா, வந்தா கூப்பிட மாட்டமா" என்று அந்த அம்மா தட்டை வாங்கிக்கொண்டார்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் ரேடியோ போடவில்லை. மிக்ஸி ஓடவில்லை, அம்மா அம்மியில் அரைத்தாள். கீழே மணி அடித்தால் எங்களுக்குத் தரை வழியாகவே கேட்கும். கேட்டதும் அக்கா மேல்படியில் போய்ப் புடவையைச் சரிசெய்துகொண்டு நிற்பாள். மணி நிற்கும். யாரோ ஏதோ சொல்வது கேட்கும். பிறகு அமைதியாகிவிடும். அவள் உள்ளே வந்து, "நமக்கு இல்ல போல" என்பாள்.

வாரக் கடைசியில் கீழ்வீட்டு அம்மா எங்கள் தட்டைத் திருப்பிக் கொடுத்தார். வெறும் தட்டாகக் கொடுக்கக் கூடாதென்று அதில் சர்க்கரை போட்டுக் கொடுத்தார். அந்தச் சர்க்கரையில் அம்மா காபி போட்டாள், நாங்கள் எல்லோரும் குடித்தோம். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

பொங்கலுக்கு முன்னால் ஆவடி மார்க்கெட்டில் ஒரு பெண் அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். பட்டாபிராமிலிருந்து வருகிற பெண். நேர்முகத் தேர்வில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். நானும் கூட இருந்தேன்.

"இன்னாக்கா, வேலைக்கு வராம இங்க காய் வாங்கிகினு கீற? உன் பேருதான் மொதல்ல இருந்துச்சு. ரெண்டு மூணு வாட்டி போன் போட்டாங்களாம். அப்டி யாருமே இங்க இல்ல, ராங் நம்பர்னு சொல்லிட்டாங்களாம். இப்ப உன் சீட்ல வேற பொண்ணு குந்திகினு கீது."

அக்கா கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டாள். அப்படியென்றால் அவள் படியில் நின்று கேட்ட மணியில் ஒன்று அவளுடைய மணி. காதாரக் கேட்டுவிட்டு, நமக்கு இல்லை என்று உள்ளே வந்திருக்கிறாள்.

மறுநாள் நாங்கள் இரண்டு பேரும் கம்பெனிக்குப் போனோம். மேனேஜர் கோபப்படவில்லை, சிரித்தார். "ஆள் எடுத்தாச்சும்மா. போன்ல பிடிக்க முடியாத பொண்ணை வெச்சுகிட்டு நான் எப்படிப் போன் கம்பெனி நடத்துறது, சொல்லுங்க." பக்கத்து மேஜையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். ஒரு கார்டு போட்டிருந்தால் தபால்காரர் அதை அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அது பழைய காலமாம். இது முன்னேற்றமாம்.

வீட்டுக்கு வந்ததும் நான் நேராகக் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். அம்மா பின்னாலேயே ஓடி வந்தாள். சூப்பர்வைசர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"இது என்ன வீடா, தபால் ஆபீஸா? ஆளாளுக்கு நம்பரைக் குடுத்துடுறீங்க. உக்காந்து சாப்பிட முடியல. அதான் இனிமே யாரைக் கேட்டாலும் ராங் நம்பர்னு சொல்லிடலாம்னு முடிவு பண்ணோம்."

"அதை எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே சார்" என்றேன்.

அதற்கு அந்த அம்மாதான் பதில் சொன்னார், குரலில் அத்தனை கனிவு. "முகத்துக்கு நேரா எப்படிம்மா இல்லன்னு சொல்றது? உங்க மனசு கஷ்டப்படாதா?"

கேட்டீர்களா நியாயத்தை. எங்கள் மனசு நோகக் கூடாதென்று எங்களிடம் சரி என்றார்களாம். போனில் பேசுகிறவனுக்கு முகம் இல்லையே, அதனால் அவனிடம் என் அக்கா என்கிற ஒருத்தி இந்த உலகத்திலேயே இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். முறுக்கை மட்டும் முகத்துக்கு நேராக வாங்கத் தெரிந்தது. அதையும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா வந்து என் தோளைப் பிடித்து இழுத்தார்.

"விடு. நாளைக்கு நான் அவர் முகத்துலதான் முழிக்கணும்."

பிறகு அப்பா என்னைக் காட்டி அவரிடம், "சின்னப் பொண்ணு சார், தப்பா நெனைச்சுக்காதீங்க" என்றார். மன்னிப்புக் கேட்டது நாங்கள்.

பொங்கல் வந்தது. அக்கா பேச்சு மாறவில்லை, வாயைத் திறக்காமல் ஒத்துக்கொண்டாள். மாப்பிள்ளை மோசமில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவள் டிப்ளமோ பீரோவுக்குள் போனது போனதுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் பட்டாபிராமில் அக்காவும் அத்தானும் வீடு கட்டிப் போனார்கள். அத்தான் பெயரில் போன் வந்தது, தெருவுக்கே முதல் போன். பட்டன் போன்தான். அக்கா அதைத் திருப்பி, அடியில் எந்தக் கம்பெனி என்று பார்த்தாள். பார்த்துவிட்டு நேராக வைத்தாள். அதற்குப் பூட்டும் போடவில்லை, துணியும் போடவில்லை.

தெரு முழுக்க அந்த நம்பரைப் பி.பி. போட்டுக் கொடுத்தது. யாருக்கு வந்தாலும் அக்கா தானே ஓடிப் போய்க் கூப்பிடுவாள். வெயிலானாலும் ஓடுவாள், காய்ச்சலிலும் ஓடுவாள். உனக்கென்ன தலையெழுத்தா என்று நான் சண்டை போட்டிருக்கிறேன்.

ஒருநாள் நான் அங்கே இருந்தபோது மணி அடித்தது. அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அக்கா அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள். எதிர்முனையில் யாரோ ஒருவர், பூந்தமல்லியில் ஒரு நர்ஸ் வீடு வேண்டும் என்று கேட்டார். சத்தியமாக அது தவறான நம்பர்தான். பட்டாபிராமுக்கும் பூந்தமல்லிக்கும் என்ன சம்பந்தம்?

"ராங் நம்பர்னு சொல்லிட்டு வாயேங்கா" என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஒரு வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் போனைக் காதோடு இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எந்தத் தெருன்னு சொன்னீங்க? பூந்தமல்லியில எங்களுக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க, கேட்டுப் பாக்கறேன். வெச்சுடாதீங்க. அந்தப் பொண்ணு பேரை மட்டும் இன்னொரு தடவ சொல்லுங்க."