கொடுக்காமல் விட்ட டீக்காசு

எண்பதுகளின் நடுவில் நாங்கள் நல்லம்பள்ளியில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். நான் பள்ளிக்கூட டீச்சர். என் கணவருக்குத் தர்மபுரியில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க் வேலை. கல்யாணமாகி ஐந்தாவது வருடம் ப்ரிட்ஜ் வாங்கினோம். எங்கள் தெருவில் அதுதான் முதல் ப்ரிட்ஜ். அது வருவதற்கு முன்பே கீழ்வீட்டு அம்மா, "அதுல வச்சா மாவு புளிக்கவே புளிக்காதாமே டீச்சர்?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

மே மாதம். எனக்குப் பள்ளி விடுமுறை. ப்ரிட்ஜ் வருவதால் என் கணவர் அன்றைக்கு லீவு போட்டிருந்தார். பதினோரு மணி வெயிலில் தர்மபுரிக் கடையின் டெம்போ வந்து வாசலில் நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் நெட்டை, முப்பது வயது இருக்கும், வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். இன்னொருவர் நாற்பதைத் தாண்டியவர். குள்ளமான உடம்பு, அகலமான தோள், ஒட்டக் கத்தரித்த தாடி. நெட்டைக்காரர் அவரை "பாய்" என்று கூப்பிட்டார். நாங்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டோம்.

எங்கள் மாடிப்படி குறுகலானது. பாதியில் ஒரு திருப்பம் வேறு. ப்ரிட்ஜைப் படுக்க வைக்கக் கூடாது என்று கடையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அட்டைப்பெட்டியோடு கயிறு கட்டி, நெட்டைக்காரர் மேலிருந்து இழுக்க, பாய் கீழே முதுகைக் கொடுத்து ஏற்றினார்கள். திருப்பத்தில் வந்து சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. முழுப் பாரமும் பாயின் தோளில் நின்றது. கயிறு அவருடைய கழுத்தோரம் பதிந்து தோல் சிவந்துவிட்டது. என் கணவர் கீழே நின்றுகொண்டு, "பாத்து, பாத்து, செவுத்துல இடிக்குது" என்று சொன்னாரே தவிர, அவரால் உள்ளே நுழைந்து பிடிக்க இடமில்லை. நான் கொடியில் காய்ந்த என் நூல் புடவையை உருவி நாலாக மடித்து, கைப்பிடிச் சுவருக்கு மேலாக எட்டிப் பாயின் தோளுக்கும் கயிற்றுக்கும் நடுவில் செருகினேன்.

"நல்ல பொடவைங்கம்மா, அழுக்காயிரும்" என்றார், அந்த நிலையிலும்.

ஒரு வழியாக இரண்டு படி இறக்கி, நிமிர்த்தி, கைப்பிடிச் சுவருக்கு மேலே தூக்கித் திருப்பி ஏற்றிவிட்டார்கள். அட்டையைப் பிரித்து, சமையலறை மூலையில் நிறுத்தி, "சாயங்காலம் வரைக்கும் கரண்டு போடாதீங்க, அசைஞ்சு வந்திருக்குது" என்று சொல்லி, இருவரும் வாசல் நிலையருகே வந்து நின்றார்கள். நான் இரண்டு சொம்பில் மோர் கொண்டு போனேன்.

பாய் கையை நீட்டவில்லை. "நோன்புங்கம்மா" என்றார்.

அந்த வெயிலில், அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு, காலையிலிருந்து அவர் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நெட்டைக்காரரும் சொம்பை வாங்கவில்லை. "பாய் முன்னாடி நான் குடிக்கறதில்லீங்க, கீழ போயி கொழாயில குடிச்சுக்கறேன்" என்று சிரித்தார்.

என் கணவர் கடைச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சீட்டை வாங்கிய பிறகும் அவர்கள் ஒரு நிமிடம் நின்றார்கள். எதுவும் கேட்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தார்கள், கயிற்றைச் சுருட்டினார்கள். எதற்காக நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. என் கணவருக்கும் தெரிந்தது. நான் உள்ளே திரும்பிப் பருப்பு டப்பாவிலிருந்து பத்து ரூபாயை எடுத்தேன். அவர் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார்.

"ரொம்ப நல்லா ஏத்தினீங்க. சந்தோசம்" என்று மட்டும் அவர்களிடம் சொன்னார்.

"வர்றோங்க சார்" என்று இறங்கிப் போனார்கள்.

"ஏங்க, இப்படிப் பண்றீங்க? டீக்காசுகூடக் குடுக்காம அனுப்பறதா?" என்றேன்.

"மாடிக்கு ஏத்தறதுக்கும் சேத்துத்தானே கடையில பணம் வாங்கினாங்க? அவங்களுக்குச் சம்பளம் இருக்குது."

"சம்பளம் இருந்தா?"

"எனக்குந்தான் சம்பளம் இருக்குது. எம் மேஜைக்கு வர்றவனும் 'டீ செலவுக்கு வச்சுக்குங்க சார்'ன்னுதான் சொல்றான். அதே வார்த்தை. நான் அத வாங்காம இருக்கறேன். இங்க மட்டும் எந்த வாயால அதச் சொல்லி நீட்டறது?"

அவர் கஞ்சன் இல்லை. அவருடைய அலுவலகத்தில் லஞ்சப் பணம் விழுவதற்காக மேஜை இழுப்பறையைத் திறந்தே வைத்திருக்காதவர் அவர் ஒருவர்தான். அதற்காகவே சக ஊழியர்கள் அவரோடு சாப்பிட உட்காரமாட்டார்கள். தனியாகச் சாப்பிட்டுவிட்டுத் தனியாக டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வருவார். அந்தப் பிடிவாதத்தில் எனக்குப் பெருமை உண்டு. ஆனாலும் அன்றைக்கு அந்தச் சிவந்த கழுத்து என் கண்ணை விட்டுப் போகவில்லை. ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டு, குப்பை கொட்டப் போவதுபோல் கீழே ஓடினேன். டெம்போ கிளம்பவில்லை. பாயிடம் நீட்டினேன்.

அவர் மாடியை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார்.

"வேண்டாங்கம்மா. சார் வேண்டாம்னுட்டு இருக்காரு. அவருக்குத் தெரியாம நீங்க குடுத்து, நான் வாங்கினா நல்லாருக்காதுங்க."

"நான் சம்பாதிச்ச காசுதாங்க."

"இருக்கட்டுங்கம்மா. வூட்டுக்குள்ள பேச்சு வரக் கூடாது."

டெம்போ போய்விட்டது. ஆனாலும் வீட்டுக்குள் மனத்தாங்கல் வரத்தான் செய்தது. அன்று மாலை ப்ரிட்ஜை ஓடவிட்டபோது கீழ்வீட்டு அம்மாவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து வேடிக்கை பார்த்தார்கள். நாங்கள் இருவரும் எல்லோரிடமும் பேசினோம், எங்களுக்குள் பேசிக்கொள்ளவில்லை. காசை எடுத்துக்கொண்டு கீழே போனதையும், பாய் சொன்னதையும் படுக்கப் போகும்முன் அவரிடம் சொன்னேன். அவர் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

நாலு நாள் கழித்து அலுவலகம் விட்டு வந்தவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "கடைக்குப் போயி அந்த பாயைப் பாத்தேன். பண்டிகை முடிஞ்சு ஒரு நாள் வூட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன். அன்னிக்குத் தண்ணிகூடக் குடிக்காமப் போனாரில்ல" என்றார்.

"தண்ணி குடுக்கறதுக்கா பஸ் ஏறி வரச் சொன்னீங்க?" என்று கேட்டேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. வரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

பண்டிகைக்கு அடுத்த ஞாயிறு, பாய் வந்தார். புது லுங்கி, வெள்ளைச் சட்டை. பின்னால் அவர் மனைவி, கையில் ஒரு தூக்குவாளி நிறைய சேமியா. இரண்டு பெண் குழந்தைகள், சரிகை வைத்த பாவாடையில். குழந்தைகள் அம்மாவிடம் உருதுவில் என்னவோ கிசுகிசுத்தன.

"ப்ரிட்ஜப் பாக்கணுமாங்க" என்று அந்த அம்மா எனக்குச் சொன்னார். "இவரு தெனம் ப்ரிட்ஜ் தூக்கறேன், ப்ரிட்ஜ் தூக்கறேம்பாரு. உள்ள என்னங்க இருக்கும்னு கேட்டா, 'எனக்கென்ன தெரியும், அட்டையில கட்டிக் குடுக்கறாங்க, எறக்கி வச்சிட்டு வர்றேன்'ம்பாரு."

பாய் கூச்சத்தோடு சுவரைப் பார்த்தார். என் கணவர் ஒரு கணம் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வாங்க, நீங்களே தெறங்க" என்று சமையலறைக்குக் கூட்டிப்போனார்.

பாய் கதவைத் திறந்தார். உள்ளே விளக்கு எரிந்தது. குழந்தைகள் இரண்டும் ஓடிவந்து குளிர்க்காற்றில் முகத்தைக் காட்டின.

"மூடினாலும் உள்ள லைட்டு எரிஞ்சிட்டேதான் இருக்குங்களா சார்?"

என் கணவர் கதவோரத்தில் இருந்த சின்னப் பொத்தானைக் காட்டினார். பாய் அதை விரலால் அமுக்கினார். விளக்கு அணைந்தது. விரலை எடுத்தார், எரிந்தது. மறுபடி அமுக்கினார். வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அப்போதுதான் பார்த்தேன். பாட்டில் தண்ணீரை டம்ளரில் ஊற்றிக் கொடுத்ததும் அதைக் குடிக்காமல் முதலில் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாக, பாதி பாதியாக, மூன்று டம்ளர் குடித்தார். எத்தனை ப்ரிட்ஜைச் சுமந்தவரோ, ப்ரிட்ஜ் தண்ணீர் குடிப்பது அன்றைக்குத்தான் முதல் முறை என்றார்.

ஆண்கள் இருவரும் கூடத்துக்குப் போன பிறகு அந்த அம்மா என்னோடு நின்றார்.

"நீங்கதானே பொடவைய மடிச்சுக் குடுத்தீங்க? வந்து சொன்னாருங்க அக்கா. அப்படி யாரும் குடுத்ததில்லையாம்."

அவரிடம் கேட்பதா வேண்டாமா என்று தயங்கிவிட்டுக் கேட்டேன். "போற வூட்ல எல்லாம் ஏதாச்சும் குடுப்பாங்களா?"

"சில பேரு குடுப்பாங்க, சில பேரு குடுக்கமாட்டாங்க. குடுத்தா எங்கிட்ட சொல்லமாட்டாரு. புள்ளைங்களுக்குக் காராபூந்திப் பொட்டலம் வாங்கியாருவாரு. இதுங்க ரெண்டும் சாயங்காலம் வாசல்ல நின்னு அவரு கையத்தான் பாக்கும்."

குறை சொல்வதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. சேமியாவைக் கிண்ணத்தில் மாற்றிக்கொண்டே, வீட்டு நடப்பைச் சொல்வதுபோல் சொன்னார். ஆனால் எங்கள் வீட்டிலிருந்து போன அன்று அந்தக் கையில் ஒன்றும் இருந்திருக்காது. நிமிர்ந்து பார்த்தேன். தண்ணீர் பாட்டிலை வைக்க வந்த என் கணவர் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். கேட்டிருந்தார். பாட்டிலை ப்ரிட்ஜுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்.

அவர்களை பஸ் ஏற்றிவிட அவரே கூடப் போனார். திரும்பி வர நேரமாயிற்று.

"பஸ் லேட்டா?" என்றேன்.

"இல்ல. அங்க கடையில புள்ளைங்களுக்குக் காராபூந்தி வாங்கிக் குடுத்தேன். பெரிய பொட்டலமா." சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "நான் ஆபீஸையும் வூட்டையும் போட்டுக் கொழப்பிக்கிட்டேன்" என்றார்.

"என்ன வித்தியாசம்னு இப்பத் தெரிஞ்சுதா?"

"சொல்லத் தெரியல. அங்க வர்றவன் குடுக்கலைன்னா அவன் வேலை நடக்காதுன்னு பயந்து குடுக்கறான். இவரு வேலைய முடிச்சிட்டுத்தானே நின்னாரு..." நான் சேமியாக் கிண்ணத்தை அவர் முன் வைத்தேன்.

அடுத்த வருடம் அதே கடையில் ஒரு கட்டில் வாங்கினோம். கொண்டுவந்தவர்கள் வேறு இரண்டு பேர். பாய் எங்கே என்று என் கணவர் கேட்டார். மச்சான் கூப்பிட்டதால் குடும்பத்தோடு பெங்களூருக்குப் போய்விட்டார் என்றார்கள். கட்டிலைக் கழற்றி ஏற்றி, மறுபடி பூட்டி முடித்ததும், இவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து ஆளுக்கு ஐந்து ரூபாயாகக் கையில் கொடுத்தார். எதற்கு என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. அவர்கள் இறங்கிப் போன பிறகு புதுக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"பாய் நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாரு பாரு" என்றார்.