டச்சுவைப் பெண் வீட்டார் விசாரிக்க வந்த கதை

எங்கள் குப்பத்துப் பையன்கள் கிரிக்கெட்டில் ஜெயித்ததற்கு லைட்ஹவுஸ் ரோட்டில் ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். சஞ்சய், நித்திஷ், இன்னும் என்னென்னவோ பெயர்கள். வெயிலில் நின்று முழுவதும் படித்தேன். ஒரு பட்டப்பெயர்கூட இல்லை. இவர்களை எப்படித்தான் திட்டுவது என்று கவலையாகிவிட்டது.

எங்கள் நாளில் அப்பா அம்மா வைத்த பெயர் பள்ளிக்கூடத்தோடு சரி. ஏதாவது அசட்டுத்தனம் செய்யும் வரைதான் அது செல்லும். ஏரியில் இறால் பிடிக்கப் போய், தோணியைத் தொலைத்துவிட்டு நடந்தே வீடு வந்தவர் கடைசிவரை 'நடராஜா சர்வீஸ்'. என் பெயரைக் கேட்காதீர்கள். அது ஒரு கல்யாணப் பாயசம் சம்பந்தப்பட்டது.

என் கூட்டாளி டச்சு. சின்ன வயதில் டச்சுக்காரர் காலத்துக் கல்லறைத் தோட்டத்துக்குள் ஆடு தேடிப் போனவன், நிழலாக இருக்கிறதே என்று ஒரு சமாதியின் மேல் படுத்துத் தூங்கிவிட்டான். ஊரே ஏரியில் இறங்கித் தேடியது. சாயங்காலம் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, "சோறு இருக்கா?" என்றான். அன்றிலிருந்து டச்சு.

வயது வந்ததும் பழவேற்காட்டுக் கடைத்தெருவில் வள்ளியைப் பார்த்தான். ஆந்திர எல்லைப் பக்கத்துக் குப்பத்துப் பெண். கட்டினால் அவளைத்தான் என்று சொல்லி, சரியாகச் சாப்பிடுவதைக்கூட நிறுத்திவிட்டான். பெரியவர்கள் பேச்செடுத்தார்கள். இனி வழக்கப்படி பெண் வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, மாப்பிள்ளை எப்படி என்று ஊரில் விசாரிக்க வேண்டும்.

வந்தார்கள், பெண்ணின் அப்பாவும் தாய்மாமனும். கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த இரண்டு பேரிடம் கேட்டார்கள். அது நானும் டச்சுவும்தான்.

"ஏழுமலைன்னு ஒரு புள்ள. ஆளு எப்டி?"

நான் யோசித்தேன். டச்சுவும் யோசித்தான்.

"அப்டி யாரும் இங்க இல்லியே, நைனா," என்றான் டச்சு. "தோணிரேவுல கேட்டுப் பாருங்க."

அவர்கள் மணலைப் பாதி தாண்டிய பிறகுதான் அவன் கையிலிருந்த ஊசி விழுந்தது. "டேய், ஏழுமலை நான்தான்டா" என்று அழாத குறையாகச் சொல்லி, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். பின்னாலேயே நானும் ஓடினேன்.

தாய்மாமன் முறைத்தார். "தன் பேரே தெரியாதவனுக்கு இன்னான்னு பொண்ணு குடுக்கறது?"

டச்சு மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கே அழுகை வந்தது.

பெண்ணின் அப்பாதான் சிரித்தார். "உடு மச்சான். நம்ம ஊர்ல என் பேரச் சொல்லிக் கேளு, உன் தங்கச்சியே அப்டி யாரும் இல்லன்னுவா. ஆமவடைன்னு கேளு, கொழந்தகூட கையப் புடிச்சி இட்டுனு வரும்."

கல்யாணம் நடந்தது. புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்துக் கட்டுப்பாடு. வள்ளி ஏழுமலையானைக்கூட 'திருப்பதி சாமி' என்பாள். ஆனால் பட்டப்பெயருக்குத் தடை ஏது? "யோவ் டச்சு, கொழம்பு ஆறுது" என்று அவள் போடும் சத்தம் ஏரிக்கரை வரை கேட்கும்.

போன வருஷம் வள்ளி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளைகளுக்கு அவன் அப்பா, மருமகளுக்கு மாமா, காட்டுப்பள்ளிப் பக்கம் காவல் வேலை பார்க்கும் இடத்தில் ஏழுமலை. டச்சு என்று கூப்பிட நான் ஒருவன்தான் மிச்சம். கூப்பிட்டால் சட்டென்று திரும்புகிறான். நான்தான் என்று தெரிந்ததும் முகம் வாடிவிடுகிறது.