விரலால் இழுத்துச் சேர்க்கவும்

நான் பொய் சொன்னேன். பார்வையற்ற ஒரு மாணவியின் முகத்துக்கு நேராக, அவளால் என் முகத்தைப் பார்க்க முடியாது என்ற தைரியத்தில் சொன்னேன்.

முகம் சுளிக்கிறீர்களா? தாராளமாகச் சுளியுங்கள்! ஆனால் எனக்குக் கைதட்டியவர்களில் நீங்களும் ஒருவர்.

ராசிபுரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் அப்போதுதான் தமிழாசிரியனாகச் சேர்ந்திருந்தேன். வேகம்... அப்படியொரு வேகம்! இலக்கணத் தாள் முழுவதையும் ஒரே கோடையில் இணையவழிப் படிப்பாக்கினேன். 'எல்லோருக்குமான பாடம்' என்று முகப்பில் பொறித்தேன். அதில் என் செல்லப்பிள்ளை, 'பொருத்துக' பகுதி. இடப்பக்கச் சொல்லை விரலால் இழுத்து வலப்பக்கப் பொருளோடு சேர்த்தால் பச்சை மின்னும். முதல்வரே இழுத்து இழுத்து விளையாடினார்.

வெண்ணந்தூரிலிருந்து கோகிலா அழைத்தாள். மூன்றாமாண்டு மாணவி, பிறவியிலேயே பார்வையில்லை. திரையில் இருப்பதைக் கைப்பேசி வாசித்துக் காட்ட, காதால் படிப்பவள். பி.எட். படிக்க இடம்கூட வாங்கி வைத்திருந்தாள்.

"சார், 'இழுத்துச் சேர்க்கவும்'னு போனு சொல்லுதுங்க. எங்கூட்டுத் தறிக்குப் பாவு இழுக்கச் சொன்னா இழுத்துருவனுங்க. இது எங்க கெடக்குதுன்னே தெரியலிங்களே!"

சிரித்தேன். விடையைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி மாற்றினால் போதும். ஒரு பிற்பகல் வேலை. தெரியும்! ஆனால் பச்சை மின்னாதே...

"உன் தங்கச்சிய இழுக்கச் சொல்லும்மா, அவ்வளவுதான்."

"பரீட்சைலயுமுங்களா?"

"அதுலயுந்தான்."

தேர்வைக் கைப்பேசிக் கேமரா கண்காணித்தது. அந்தக் காவலையும் வைத்தவன் நானே! இரண்டாவது முகம் தெரிந்ததும் தேர்வு நின்றது. ஆள்மாறாட்டம் என்று பதிவாயிற்று.

விசாரணை, முதல்வர் அறையில். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள் கோகிலா.

"சார்தானுங்க சொன்னாரு. சார், நீங்களே சொல்லிருங்க."

எவ்வளவு நிம்மதி அந்தக் குரலில்! நான் அங்கிருப்பதே அவளுக்குத் தெம்பு.

"பயிற்சிக்கு மட்டுந்தான் சொன்னேன்," என்றேன்.

அவள் தலை என் பக்கம் திரும்பியது.

"பயிற்சில முடியாதது பரீட்சைல எப்படிங்க சார் முடியும்? அன்னைக்கு மட்டும் எனக்குக் கண்ணு வந்துருமுங்களா?"

முதல்வர் சிரிப்பை அடக்க இருமினார். பிறகு ஓராண்டுத் தடை விதித்தார். பட்டம் நின்றது. பி.எட். இடம் வேறு யாருக்கோ போயிற்று.

எதற்காகச் சொன்னேன்? வேலை போய்விடும் என்றா? போயிருக்காது! முகப்பில் நான் பொறித்த வாசகம் பொய்யாகிவிடுமே என்றுதான். அதைக் காக்க ஒரு பெண்ணைப் பொய்க்காரியாக்கினேன்.

பின்னர் அந்தப் 'பொருத்துக' பகுதியைப் பட்டியலாக மாற்றினேன். மனம் உறுத்தியல்ல... வேறு கல்லூரிகள் பாடத்தைக் கேட்டன!

இப்போது மேடைதோறும் சொல்கிறேன், "இது பார்வையற்ற மாணவி ஒருத்தி தந்த யோசனை." நீங்கள் உருகிப்போகிறீர்கள். அவள் பெயரை உங்களில் யாராவது கேட்டதுண்டா?

சென்ற வாரம் ஆத்தூரில் ஒரு மாணவி எழுந்தாள். கையில் வெள்ளைக்கோல்.

"அந்த அக்கா இப்ப என்ன பண்றாங்க சார்?"

எனக்குத் தெரியாது. அவளை அழைத்துக் கேட்டதே இல்லை.

"நல்லா இருக்காங்க," என்றேன்.

கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவளும் கைதட்டினாள். நான் திரையில் அடுத்த படத்துக்குப் போனேன்.