மூன்று சிங்க்கும் ஒரு மெட்ராஸ் புத்தகமும்

எண்பதுகளின் பிற்பகுதியில் ஒரு சரக்குக் கப்பல் நிறுவனத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். டேப் மாற்றுவது, பிரிண்டருக்குக் காகிதம் ஊட்டுவது, இயந்திரத்தை ஏற்றி இறக்குவது, அதாவது இயக்கி அணைப்பது, அவ்வளவுதான் வேலை. இறக்குவதற்கு மட்டும் ஒரு சடங்கு உண்டு. ‘சிங்க்’ என்ற கட்டளையை மூன்று தடவை கொடுத்த பிறகே சுவிட்சை அணைக்க வேண்டும். ஏன் மூன்று என்று யாருக்கும் தெரியாது. கோயிலைச் சுற்றுகிற மாதிரி செய்துகொண்டிருந்தோம். ஒவ்வொன்றாக அடிக்கச் சோம்பல்பட்டு, எனக்கு முன்பிருந்த ஒருவர் மூன்றையும் ஒரே வரியில் கோத்துவைத்துவிட்டுப் போயிருந்தார். ஒரு தட்டுத் தட்டினால் மூன்றும் ஓடிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டடத்தில் மின்சாரத்தை நிறுத்தி வேலை பார்த்தார்கள். அந்த ஒரு தட்டில் இயந்திரத்தை இறக்கியது நான். மறுநாள் காலை ஏற்றினால் கோப்புகள் பாதி சிதைந்து கிடந்தன. எங்கள் மேலதிகாரியும் தமிழர்தான். ஃபேரர் பார்க்கில் வீடு. அவர் கத்தவில்லை.

“நீ அவசரப்பட்டுட்ட லா. வீட்டுக்குப் போற அவசரம்,” என்றார்.

மூன்றும் கொடுத்தேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார், நம்பவில்லை. அன்றிலிருந்து நான் இயந்திரத்தை இறக்கும்போது பக்கத்தில் ஒருவர் நின்று பார்க்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. பதினைந்து வருடம் ஒழுங்காக வேலை பார்த்தவனுக்கு அந்த அவமானம் போதாதா?

கோப்புகள் எப்படிச் சிதைந்தன என்று தெரிந்தாக வேண்டும். தெரிந்துகொள்ளத்தான் வழியில்லை. எங்களுக்குத் தந்த கையேட்டில் எந்தக் கட்டளையை அடிப்பது என்று இருந்தது; அடித்தபின் உள்ளே என்ன நடக்கிறது என்று இல்லை. ஷிப்ட் முடிந்து பஸ் ஏறி பிராஸ் பாசா புத்தகக் கடைகளுக்குப் போனால் கம்ப்யூட்டர் அலமாரியில் எல்லாம் விரிதாளும் தட்டச்சும். நூலகத்தில் ஒரே ஒரு புத்தகம் இருந்தது. யாரோ எடுத்துக்கொண்டு போயிருந்தார், புத்தகம் திரும்பி வரவே இல்லை. பல்கலைக்கழக நூலகத்துக்குள் என்னை யார் விடுவார்கள்? புக்கிட் பாத்தோக் வீட்டுக்கு வெறுங்கையோடு திரும்பி, காலைக்கூடக் கழுவாமல் படுத்துவிடுவேன்.

கடைசியில் மச்சானைப் பிடித்தேன். மனைவியின் அண்ணன், சிராங்கூன் ரோட்டில் சேலைக் கடை, சரக்கெடுக்க அடிக்கடி மெட்ராஸ் போவார். அமெரிக்கப் புத்தகங்களை அங்கே மட்டமான தாளில் மலிவாக அச்சடித்து விற்பார்கள். கெர்னல், கோப்பு முறை என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். முதல் தடவை நிரல் எழுதக் கற்றுத்தரும் புத்தகம் ஒன்றோடு வந்தார். கடைக்காரர் எல்லாம் ஒன்றுதான் என்றாராம். அடுத்த தடவை மறந்தேவிட்டார். நானும் கேட்பதை விட்டுவிட்டேன். அதற்கடுத்த தடவை, காஞ்சிபுரம் பட்டு மூட்டைக்குள்ளிருந்து ஒரு தடித்த புத்தகத்தை உருவி எடுத்து, “இதாவது சரியா பாருங்க மாப்ள, எனக்கு முதுகு போயிடுச்சு,” என்றார்.

சரியாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலேயே அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தேன். நாம் சேமிப்பதை, இயந்திரத்தை உள்ளிருந்து நடத்தும் கெர்னல் உடனே வட்டில் எழுதுவதில்லை. நினைவகத்தில் வைத்துக்கொண்டு சாவகாசமாக எழுதுகிறது. சிங்க் என்பது எழுதத் தொடங்கு என்று சொல்வது மட்டும்தான். எழுதி முடியும்வரை அது காத்திருக்காது. மூன்று தடவை கையால் அடித்தால், அடிக்கிற நேரத்துக்குள் எழுதி முடிந்துவிடும். ஒரே வரியில் கோத்தால் அந்த நேரம் கிடைக்காது. எனக்கு அழுகை வந்தது, பஸ் என்று அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் மேலதிகாரியிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். நிதானமாகப் படித்தார். மூன்றையும் கோத்திருந்த அந்த வரியை நீக்கச் சொன்னார். பக்கத்தில் ஆள் நிற்க வேண்டாம் என்றும் சொன்னார். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் மனைவியிடம், தப்பு என்னுடையதில்லை, நான் அவசரப்படவில்லை என்று முழுக்கதையையும் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

“நீங்க எதுலயாவது அவசரப்பட்டு நான் பார்த்ததே இல்லையே. என்கிட்ட கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே. ஏங்க கேக்கல?”

அவசரப்பட்டுத்தான் விட்டேனோ என்று இத்தனை மாதமும் நானே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.